புளியமரத்தடியில் நான் சொன்ன தேதி

12.10.2024
சனிக்கிழமை

அன்புள்ள மகன் ஹெப்ரானுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் இங்கே சுகம், நீயும் சுகன்யாவும் பேத்தியும் அங்கே சுகமாயிருக்க நித்தமும் ஜெபிக்கிறேன் என்றுதான் எப்போதும் ஆரம்பிப்பேன். இந்தத் தடவை நித்தமும் ஜெபிக்கிறேன் என்று எழுதக் கை கூசுகிறது. நீங்கள் சுகமாயிருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன், அதை மட்டும் எழுதிக்கொள்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி முன்போலத்தான் இருக்கிறது, எண்ணெய் தேய்க்கச் சொன்னால் தேய்ப்பதில்லை, தேய்த்தேன் என்று மட்டும் சொல்லுகிறார். மழை இன்னும் இறங்கவில்லை. ஆனால் வானம் கொஞ்சம் கறுத்தால் போதும், போன டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு நம் தெருவில் எல்லோரும் ரேஷன் கார்டையும் பத்திரத்தையும் பையில் கட்டி மாடியில் கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள். அடுத்த வீட்டு சுடலைவடிவு பின்சுவரைக் கட்டி முடித்துவிட்டாள். வாழைத்தோட்டத்து வேலை முடிந்து வந்து தானே சிமென்டு குழைத்தாள், மெச்சத்தான் வேண்டும், ஆனால் அவளுடைய ஆடு என் கறிவேப்பிலைச் செடியை மொட்டையடித்துவிட்டது. புன்னக்காயல் மீன்காரம்மா இப்போது வாரத்துக்கு இரண்டு நாள்தான் வருகிறாள்.

இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன். போனில் பேசினால் உன் முகம் தெரியும், உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் சொல்ல வேண்டியதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, அதனால்தான் டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒன்பது வருடம் கழித்துப் பேனாவும் பேப்பருமாக உட்கார்ந்திருக்கிறேன். ஆகஸ்டு மாதம் சுகன்யா ஒரு நாள் தனியாகப் போன் பண்ணினாள். அவளைத் திட்டாதே, கோள் சொல்ல அவள் பண்ணவில்லை, மனசு பொறுக்காமல் பண்ணினாள். உங்கள் ஊர்ச் சபையில் ஞானஸ்நானம் பெற்ற யாரும் திருவிருந்துக்கு வரலாம் என்று அந்தப் போதகர் ஐயர் சொல்லியும், அப்பமும் திராட்சரசமும் கொடுக்கிற நேரத்தில் நீ மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாயாம். பேத்தி ஒரு நாள் சத்தமாகவே "அப்பாவுக்கு மட்டும் ஏன் கிடையாது" என்று கேட்டுவிட்டாளாம். அதற்கு நீ வீட்டுக்கு வந்து சுகன்யாவிடம் சொன்ன பதிலை அவள் அப்படியே என்னிடம் சொன்னாள். "எங்க அம்மாவுக்கு இரட்சிக்கப்பட்ட நாள் இருக்கு. எனக்கு இல்ல. நாள் இல்லாதவன் கை நீட்டக்கூடாது." போனை வைத்துவிட்டு நான் சமையல்கட்டில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். மகனே, எனக்கும் நாள் கிடையாது. நான் சொன்ன நாள் பொய்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தேழு மே மாதம். டீச்சர் டிரெயினிங்கில் முதல் வருடம் முடிந்து, எங்கள் ஹாஸ்டல் பிள்ளைகளை நான்கு நாள் தியான முகாமுக்குக் கூட்டிப்போனார்கள். கடைசி நாள் காலையில் முகாமை நடத்திய அக்கா, இயேசுவுக்கு மனதைக் கொடுத்து இரட்சிக்கப்பட்ட நாளும் நேரமும் சொல்லத் தெரியாதவர்கள் இன்னும் இரட்சிக்கப்படவில்லை, தெரிந்தவர்கள் எழுந்து சொல்லுங்கள் என்றார். முதல் வரிசையில் ஒருத்தி எழுந்தாள், அப்புறம் இன்னொருத்தி, அப்படியே ஓலைப்பாயில் வரிசை வரிசையாக எழுந்து வந்தார்கள். எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. பிறந்த இருபத்தோராம் நாள் ஞானஸ்நானம், நடக்கத் தெரிந்த நாள் முதல் ஓய்வுநாள் பள்ளி, பாட்டு, கோயிலில் கூடிச் சாப்பிடுகிற அசனப் பண்டிகை என்று வளர்ந்தவள். இயேசுவை எப்போது நேசிக்கத் தொடங்கினாய் என்று கேட்டால் அம்மாவை எப்போது நேசிக்கத் தொடங்கினாய் என்று கேட்டதுபோல விழித்திருப்பேன். அதைச் சொல்லியிருக்கலாம், சொல்ல வாய் வரவில்லை. என் வரிசை வந்தபோது எனக்கு இரண்டு பக்கமும் எழுந்து நின்றார்கள். நானும் எழுந்து, நேற்று மே பதினாலாம் தேதி சாயங்காலம் ஐந்தரை மணிக்கு வெளியே நிற்கிற புளியமரத்தடியில் என்று சொல்லிவிட்டேன். அந்த ஐந்தரை மணிக்கு நான் அங்கே என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா, உதிர்ந்து கிடந்த புளியம்பழத்தைப் பொறுக்கிப் பக்கத்து ஊர்ப் பிள்ளையோடு தின்றுகொண்டிருந்தேன். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். அக்கா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். அன்றைக்கே வேதப்புத்தகத்தின் முதல் பக்கத்தில் சிவப்பு மையால் அந்தத் தேதியை எழுதினேன். எழுதின பிறகு அழிக்க முடியவில்லை. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததும் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வருடா வருடம் சாட்சி சொன்னேன், சாட்சி சொன்னதால் காரியதரிசி ஆனேன், காரியதரிசி ஆனதால் மற்றவர்களை நாள் என்ன நாள் என்ன என்று கேட்க ஆரம்பித்தேன்.

அப்படிக் கேட்டதில் அதிகமாக மாட்டிக்கொண்டவன் நீதான். உனக்குப் பதின்மூன்று வயதானது முதல் மாதம் பிறந்தால் கேட்பேன், நாள் வந்துதா லே என்று. நீ மொட்டைமாடியில் போய் முழங்கால் போட்டு அழுதுவிட்டு இறங்கி வந்து "ஒண்ணும் வரலம்மா" என்பாய். பதினைந்து வயதில், திருவிருந்து எடுக்கத் தொடங்குவதற்கு முன் நடத்துகிற திடப்படுத்தல் வகுப்பு முழுவதும் போனாய், பாடமெல்லாம் ஒப்பித்தாய், டெய்லர் அப்பாத்துரை உனக்கு வெள்ளைச் சட்டை தைத்துக் கொண்டுவந்து தந்தார். பேராயர் வருவதற்கு மூன்று நாள் முன்னால் நான் ஐயரிடம் போய், இவன் இன்னும் இரட்சிக்கப்படவில்லை, இந்த வருடம் வேண்டாம், எல்லோரும் போல என் பிள்ளையும் பெயருக்குப் போய் நிற்கக்கூடாது என்று சொன்னேன். அவர் யோசித்துப் பாருங்கள் டீச்சர் என்றுதான் சொன்னார், நான் கேட்கவில்லை. உன் கூட்டாளிகள் இருபத்துமூன்று பேர் வெள்ளையும் சொள்ளையுமாகப் பீடத்துக்கு முன்னால் போய் முழங்கால் போட்டபோது நீ பழைய நீலச் சட்டையோடு கடைசிப் பெஞ்சில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். வீட்டுக்கு வந்து "அம்மா, நான் என்ன தப்பு பண்ணேன்" என்று கேட்டாய், உனக்கு நினைவிருக்கும், எனக்கு ஒரு நாளும் மறக்கவில்லை. நீ தப்பு ஒன்றும் பண்ணவில்லை மகனே. உன் நண்பர்களில் பாதிப்பேர் நாள் கேட்டால் ஒரு நாளைச் சொல்லிவிட்டுப் போனார்கள். உனக்கும் சொல்லத் தெரியாமலா இருந்தது. என் வயிற்றில் பிறந்தவன் பொய் சொல்லாமல் நின்றாய், பொய் சொன்ன நான் அதற்கு உன்னைத் தண்டித்தேன். அடுத்த வருடம் உன்னைக் கூப்பிட்டபோது நீ வரவில்லை என்று சொல்லிவிட்டாய். அப்போதும் இருதயம் கடினப்பட்ட பிள்ளை என்று சங்கத்தில் உனக்காக ஜெபிக்கச் சொன்னேன்.

இது எப்படி இப்போது வெளியே வந்தது என்று கேட்பாய். வெள்ளத்தில் அலமாரி கவிழ்ந்து வேதப்புத்தகம் சகதிக்குள் கிடந்தது. பக்கமெல்லாம் ஒட்டி அடைபோல ஆகிவிட்டது, முதல் பக்கத்தில் சிவப்பாக ஒரு கறைதான் மிச்சம். வெள்ளத்தன்று பள்ளிக்கூட மாடியில் நாங்கள் அறுபது பேர் இருந்தோமே, அப்போதே டீச்சர் ஜெபம் பண்ணுங்க, டீச்சர் ஜெபம் பண்ணுங்க என்று எல்லோரும் கேட்டார்கள், எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. சுடலைவடிவு பாட்டுக்கு அவள் சாமியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். குளிரில் வாய் வரவில்லை என்று நான் சமாளித்தேன். அப்புறம் சபையில் புது வேதப்புத்தகம் கொடுத்தார்கள். முதல் பக்கத்தில் தேதி எழுத உட்கார்ந்தால் பதினாலா பதினேழா என்று சத்தியமாகத் தெரியவில்லை. பதினேழு என்று எழுதினேன். சங்கத்தின் மே மாதக் கூட்டத்தில் எழுந்து அதையே வாசித்தேன். உடனே தங்கபுஷ்பம், "யக்கா, பதினாலுல்லா எப்பவும் சொல்லுவிய" என்றாள். வெள்ளந்தியாகத்தான் சொன்னாள். நானும் ஆமா, வயசாயிட்டுல்லா என்று சிரித்தேன், எல்லோரும் சிரித்தார்கள், கூட்டம் முடிந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தேன். நீ பிறந்தது எத்தனை மணி, அன்றைக்கு வெயிலா மழையா, உன்னைக் கழுவிக் கொடுத்த நர்ஸின் கைக்கடிகாரத்துக்குக் கறுப்பு வார், எல்லாம் எனக்குத் தெரியும். நடந்தது மறக்காது, நடக்காததுதான் மறந்துபோயிருக்கிறது. அன்றிலிருந்து நான் திருவிருந்துக்குப் போகவில்லை. தலைசுற்றல் என்று சொல்லிப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். நாற்பத்தேழு வருடம் பொய்யைச் சொல்லி வாங்கித் தின்றவளுக்கு இனிமேல் என்ன இருக்கிறது என்று பயந்தேன், சாப்பாடு இறங்கவில்லை, படுக்கையைவிட்டு எழுந்திருக்கவே பிடிக்கவில்லை.

ஒரு நாள் மத்தியானம் அப்பா கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உன் அப்பாவை நான் இத்தனை வருடமும் பெயர்க் கிறிஸ்தவன் என்றுதான் நினைத்தேன், ஒரு கூட்டத்தில் எழுந்து ஒரு சாட்சி சொன்னதில்லை, கேட்டால் ஞானஸ்நானம் வாங்கியிருக்கேன், கோயிலுக்குப் போறேன், வேற என்னத்தச் சொல்ல என்பார். அவர் கேட்டுவிட்டுக் கொஞ்சமும் அசையாமல் "தெரியும் ட்டி" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கல்யாணமான புதுசுல புளியமரம்னு சொன்ன. ரெண்டு வருஷம் கழிச்சு வேப்பமரம்னு சொன்ன. அப்புறம் மறுபடியும் புளியமரத்துக்கு வந்துட்ட. நடந்திருந்தா மரம் மாறுமா" என்றார். ஏன் ஒரு நாளும் கேட்கவில்லை என்றேன். "கேட்டா நீ எங்கன போவ. கஞ்சி ஆறுது, குடி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்புறம் நான் பின்னாலேயே போய், ஹெப்ரானைத் தடுத்தேனே, அன்றைக்காவது என்னைத் தடுத்திருக்கலாமே என்று அழுதேன். அவர் முகம் வாடிவிட்டது. அது என் தப்புதான் என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை உன் அப்பாவும் திருவிருந்துக்குப் போகவில்லை, உனக்கு நினைவிருக்கிறதா, உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நான் அதையும் அவருடைய அசட்டை என்றுதான் எண்ணினேன். "அவன் கூட ஒரு ஆள் இருக்கணும்லா, அதான்" என்று இப்போது சொல்லுகிறார். பிரசங்கம் பண்ணத் தெரியாத மனுஷனுக்கு உனக்காக எங்கே உட்கார வேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

ஜூலை கடைசியில் பென்ஷன்காரர்கள் உயிரோடிருக்கிறோம் என்று காட்டுவதற்குக் கருவூலத்துக்குப் போனேன். மே மாதமே போக வேண்டியது, இந்தக் கிலேசத்தில் தள்ளிப்போட்டுக் கெடு முடிய மூன்று நாள் இருக்கும்போது பஸ் ஏறினேன். அங்கே கோமு என்று ஒரு பெண், நெற்றி நிறைய விபூதி, உன்னைவிட நாலைந்து வயது சின்னவளாக இருப்பாள். பெருவிரலை மெஷினில் வைக்கச் சொன்னாள். விழவில்லை. துடைத்துவிட்டு வைத்தேன், இடது கையை வைத்தேன், ஒவ்வொரு விரலாக வைத்தேன், ஒவ்வொரு தடவையும் சிவப்பு விளக்குதான். சாக்பீஸ் பிடித்துப் பிடித்துத் தேய்ந்ததோ, சாம்பல் போட்டுப் பாத்திரம் விளக்கித் தேய்ந்ததோ, ரேகையே இல்லை. எனக்குப் பின்னால் வரிசையில் முனகுகிறார்கள். நான் இருந்த நிலையில், பரலோகப் புத்தகத்தில்தான் இல்லை, இதிலும் என் பெயர் இல்லையா என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது, அறுபத்தேழு வயதுக் கிழவி கவுண்டரில் நின்று தேம்பித் தேம்பி அழுகிறேன். அந்தப் பெண் பதறிப்போய், "எதுக்கும்மா அழுதிய? ரேகை விழலைன்னா நீங்க இல்லைன்னு ஆயிருமா? முன்னால வந்து நிக்கிய, நான் கண்ணால பாக்கேன். எழுத வேண்டியது நான்லா" என்று சொல்லிவிட்டு, ஒரு பேரேட்டை எடுத்து என் பெயருக்கு நேரே "நேரில் வந்தார்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவ்வளவுதான், அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். நான் இத்தனை வருடமும் என் விரலைத்தான் அழுத்தி அழுத்தி வைத்துக்கொண்டிருந்தேன். என் நாள், என் நேரம், என் மரம், என் கண்ணீர். எழுத வேண்டியவர் வேறொருவர் என்பதைப் பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொல்லிக்கொடுத்தேன், எனக்காக ஒரு நாளும் எடுத்துக்கொள்ளவில்லை. தம்மிடத்தில் வருகிற ஒருவரையும் தள்ளமாட்டேன் என்று இயேசு சொல்லியிருக்கிறார், எந்தத் தேதியில் வந்தாய் என்று கேட்பேன் என்று சொல்லவில்லை. இதை நினைத்ததும் எனக்குப் பெரிய சந்தோஷமெல்லாம் வரவில்லை மகனே, உன்னிடம் இனிக் கூட்டிச் சொல்லமாட்டேன். பசித்தது. இரண்டு மாதமாகப் பசி என்றால் என்னவென்று தெரியாமல் இருந்தவளுக்கு அகோரமாகப் பசித்தது, பஸ் ஸ்டாண்டில் இறங்கி நாலு இட்லி சாப்பிட்டேன். இப்போதும் ஜெபத்தில் உட்கார்ந்தால் நாலு வார்த்தைக்கு மேல் வருவதில்லை, அடுப்பில் வைத்த பால் ஞாபகம் வந்துவிடுகிறது. முன்னால் அரை மணி நேரம் சரளமாக வரும். இந்த நாலு வார்த்தையில் பொய் இல்லை, அதுதான் வித்தியாசம்.

எனக்கு அது போதும் என்று இருந்துவிட்டேன். சுகன்யா போன் பண்ணும் வரைக்கும் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றுகூட நினைத்தேன், அவ்வளவு மோசமானவள் நான். நான் பிழைத்துக்கொண்டேன், ஆனால் என் பொய்யை நம்பி நீ இருபத்துமூன்று வருடமாக வெளியே உட்கார்ந்திருக்கிறாய் என்று தெரிந்த பிறகு எப்படிச் சும்மா இருப்பேன். அப்போதும் உனக்குச் சொல்ல இத்தனை நாள் பயந்தேன், முதலில் இங்கே சொல்லிப் பார்ப்போம் என்று போன வெள்ளிக்கிழமை சங்கத்தில் எழுந்து சொன்னேன். எல்லோரும் எடுத்த டீயை அப்படியே வைத்துவிட்டார்கள். தங்கபுஷ்பம் மட்டும், அப்போ நாங்க உங்கள நம்பி அழுததெல்லாம் என்னதுக்கு என்று கேட்டாள், அவள் கேட்டது நியாயம். காரியதரிசிப் பொறுப்பையும் சாவியையும் கொடுத்துவிட்டு வந்தேன். சாயங்காலம் கடைசித் தெரு முத்துராணி பின்வாசல் வழியாக வந்து, "அத்தை, எனக்கும் நாள் கிடையாது. நீங்க கேப்பியளேன்னு பயந்து ஒண்ணச் சொன்னேன்" என்று சொல்லி அழுதாள். இன்னும் எத்தனை பேரோ. தெருவில் நடக்கும்போது தலை நிமிர்ந்து போக முடியவில்லை. நிமிர வேண்டும் என்றும் இல்லை.

என்னை மன்னித்துக்கொள் என்று கேட்கிறேன், உடனே மன்னித்துவிட்டேன் என்று போன் பண்ணாதே, உனக்குக் கோபம் இருந்தால் இருக்கட்டும், ஆறின பிறகு பேசு. நவம்பர் முதல் ஞாயிறு நான் திருவிருந்துக்குப் போகிறேன், அப்பா கைபிடித்துக் கூட்டிப்போகிறேன் என்றிருக்கிறார். நீயும் போ என்று உன்னை நான் சொல்லப்போவதில்லை. ஒரு தடவை போகாதே என்று சொன்ன வாய் இது, போ என்று சொல்ல அதற்கு என்ன யோக்கியதை. அந்த ஐயரிடம் பேசு, உன் மனசுக்குப் பட்டபடி செய். என் புது வேதப்புத்தகத்தின் முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டேன், அடுத்த பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை.

உன்னையும் உன் மனைவியையும் பிள்ளையையும் கர்த்தர் தம்முடைய கையில் வைத்துக் காப்பாராக, உன் கால் இடறாமல் பார்ப்பாராக. குளிர் தொடங்கிவிட்டது என்று சுகன்யா சொன்னாள், காதை மூடாமல் வெளியே போகாதே. பேத்திக்குத் தலைக்கு வாரம் ஒரு தடவை எண்ணெய் வைக்கச் சொல். அப்புறம் ஒன்று, திடப்படுத்தலுக்கு முந்தின நாள் ஒவ்வொரு தாயும் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது, உனக்கு நான் சொல்லித் தரவில்லை. என்றைக்காவது நீ அப்பம் வாங்கப் போனால் தெரியாமல் நிற்கக்கூடாது. முழங்கால் போட்டதும் இடது உள்ளங்கையைக் கீழே வை, வலது உள்ளங்கையை அதன்மேல் வை, விரலை மடக்காதே, நீட்டு. கையில் ஒன்றும் இருக்கக்கூடாது. கொடுக்கிறவர் வைப்பார்.

வெட்கத்தோடு,
உன் அம்மா
எப்சிபா